கட்டைவிரல் போதும்: வெஸ் மான்ட்கோமரியைக் கேட்டு கிட்டாரைத் தூசி தட்டுவது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில், அலமாரிக்கு மேல் ஒரு கிட்டார் இரண்டு வருடமாகப் படுத்துக் கிடந்தது. புதுச்சேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கின புதிதில் நாலு கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒரே சமயத்தில் வாசிக்கும் ஸ்வரக் கூட்டு) கற்றுக்கொண்டு, ஐந்தாவதாக வந்த எஃப் கார்டில் முட்டிக்கொண்டு, அப்படியே மேலே ஏற்றிவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று கிடந்தால் இது உங்களுக்காகத்தான்.

அதை மறுபடி இறக்க வைத்தவர் வெஸ் மான்ட்கோமரி. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ்காரர், 1923-இல் பிறந்தவர். ஜாஸ் கிட்டார் என்று பேச்செடுத்தாலே முதல் நாலைந்து பெயருக்குள் வந்துவிடுவார், ஆனால் நோட்டேஷன் (எழுதி வைத்த இசைக் குறிப்பு) படிக்கத் தெரியாது. ஆறு கம்பி கிட்டாரைக் கையில் எடுக்கும்போதே கிட்டத்தட்ட இருபது வயது. அவருக்கு முந்தைய ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் ரெக்கார்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, காதாலேயே பிடித்து வாசித்தார். முதன்முதலில் கிளப்பில் இடம் கிடைத்ததே கிறிஸ்டியன் தனியாக வாசித்த அந்த சோலோக்களை அச்சு அசலாக வாசித்ததற்குத்தான், அது தீர்ந்தால் அவரிடம் வேறு சரக்கு கிடையாது. அப்புறம் குடும்பம், ஏழு பிள்ளைகள். ஐம்பதுகளில் பகலில் ஃபாக்டரி வேலை, ராத்திரி ஒரு கிளப், அது மூடினதும் விடியற்காலை வரை இன்னொரு கிளப். 1959-இல் சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அங்கே வந்து கேட்டு, பிரமித்துப்போய் நியூயார்க்கில் ரெக்கார்டு கம்பெனியில் சொன்ன பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது 36. (அந்தத் தூக்கமில்லாத டைம்டேபிளை மட்டும் காப்பியடிக்காதீர்கள், 45 வயதில் மாரடைப்பில் போய்விட்டார்.)

இதெல்லாம் சரி, என்னை நிஜமாக உட்கார வைத்தது ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ. 1965-இல் நெதர்லாந்து டிவிக்காக எடுத்தது. உள்ளூர் வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டு, இந்த இடத்தில் இந்த கார்டு, அடுத்தது இது என்று சிரித்த முகமாக வாசித்துக் காட்டுகிறார். தவில்காரரோடு மண்டப வாசலில் நின்று பேசும் நாதஸ்வரக்காரர் மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. அவர் கையில் பிக் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) கூட இல்லை, வெறும் கட்டைவிரல். வேலை முடிந்து ராத்திரியில் வீட்டில் சாதகம் செய்யும்போது பிக் சத்தம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாக இருந்ததால் கட்டைவிரலுக்கு மாறினார் என்பார்கள், மனைவிதான் முறையிட்டார் என்று இன்னொரு பேச்சும் உண்டு. யாராக இருந்தாலும் சரி, அந்த மெத்தென்ற சத்தம்தான் பிற்பாடு அவர் அடையாளமே ஆகிவிட்டது.

எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி “தம்பி, ஒம்பது மணிக்கு மேல அந்தப் பொட்டிய தட்டாதீங்க, மாத்திரை போட்டுட்டுப் படுக்கறேன்” என்று சொன்ன மறுநாள்தான் இந்தக் கதையைப் படித்தேன். சரி, நாமும் கட்டைவிரலில் ஆரம்பிக்கலாமே என்று தோன்றியது. வெஸ் சோலோ வாசித்தால் பெரும்பாலும் முதலில் ஒற்றை ஸ்வரமாகப் போவார், அப்புறம் ஆக்டேவ் (ஒரே ஸ்வரம் ரெண்டு ஸ்தாயியில் சேர்ந்து), கடைசியில் கார்டு. அதே வரிசையில் நான் சாதகம் செய்தது கீழே இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம்.

படி 1: கம்பியை மாற்றுங்கள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால் இதைத் தள்ளிப் போடவே முடியாது. உப்புக் காற்றில் ஸ்டீல் கம்பி துரு ஏறிக் கரகரவென்று இருக்கும், அதில் கட்டைவிரலை இழுத்தால் தோல் உரியும். லைட் அல்லது எக்ஸ்ட்ரா லைட் செட் கேளுங்கள், முதல் கம்பி 0.011 அல்லது 0.010 அங்குலம் என்று உறையில் போட்டிருக்கும். வாசித்து முடித்ததும் பழைய காட்டன் வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து, பையில் போட்டு மூடி வையுங்கள். ஒருதடவை பெரிய ரசனைக்காரன் மாதிரி தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு கிட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வாரத்துக்கு முறுக்காணியைத் திருப்பினால் மணல் அரைபட்டது. கடற்கரையில் வேர்க்கடலை சாப்பிடலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபோனில் இலவச ட்யூனர் ஆப் ஒன்று போட்டுக்கொண்டு, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தடித்தது ஆறாவது, மெல்லியது முதலாவது. இந்த எண்ணிக்கை தலைகீழாகத் தெரியும், ரெண்டு நாளில் பழகிவிடும்.

படி 2: கட்டைவிரலை உட்கார வையுங்கள்

வலது கையின் மற்ற விரல்களைக் கம்பிகளுக்குக் கீழே கிட்டாரின் மேல்பலகையில் லேசாக ஊன்றிக்கொள்ளுங்கள். நகம் படக்கூடாது, கட்டைவிரலின் சதைப் பகுதி கம்பியைக் கீழ்நோக்கித் தள்ளி, அடுத்த கம்பியில் போய் ஓய வேண்டும். கட்டைவிரல் முழுக்க ஒரு துண்டாக நகரட்டும், நுனி மூட்டை மடக்கிக் கிள்ளினால் சத்தம் சுள்ளென்று வரும். முதல் ரெண்டு நாளும் இடது கையைத் தொடவே வேண்டாம். திறந்த கம்பிகளை மட்டும், ஆறிலிருந்து ஒன்று வரை, ஒவ்வொன்றிலும் நாலு தட்டு. போரடிக்கும். டிவியில் கிரிக்கெட் ஓடும்போது செய்யுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். கொப்புளம் வந்தால் ஒரு நாள் லீவு.

படி 3: ஒற்றை ஸ்வரம், சுத்த தன்யாசியில்

ப்ளூஸ் (ஜாஸுக்கு வேரான அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) என்ற பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். ஜாஸுக்கு அடியில் ஓடும் அந்த ஐந்து ஸ்வர மைனர் வரிசை, நம் காதுக்கு ஏற்கெனவே தெரிந்த சுத்த தன்யாசிதான்: ச க ம ப நி. கமகம் இல்லாமல் வாசித்தால் ராகம் ஆகாது என்று பாட்டு வாத்தியார்கள் அடிக்க வருவார்கள், அது நியாயம்தான், ஆனால் ஸ்வரங்கள் அதே ஸ்வரங்கள்.

சுருதிப் பெட்டி ஆப்பை ஆறு கட்டையில் வையுங்கள், அதாவது ஏ. இடது கையை ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு, முறுக்காணிப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்) கொண்டுபோய், ஆறாவது கம்பியில் 5, 8. அப்புறம் ஐந்தாவது, நாலாவது, மூன்றாவது கம்பிகளில் தலா 5, 7. ரெண்டாவது, முதலாவதில் மறுபடி 5, 8. ஆள்காட்டி விரல் எப்போதும் ஐந்தில், ஏழுக்கு மோதிர விரல், எட்டுக்குச் சுண்டு விரல். வாசித்துக்கொண்டே ச க ம ப நி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாயால் சொல்லாமல் விரலை மட்டும் ஓட்டினால் ஒரு மாதம் ஆனாலும் கைக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது, இதில் நான் முழுசாக மூன்று வாரத்தை வீணடித்தேன்.

படி 4: தாளம் ஆட வேண்டும்

ஜாஸைக் கேட்டால் ஒரு ஆட்டம் தெரியும் பாருங்கள், அதை ஸ்விங் என்பார்கள். புத்தகங்களில் இதைப் படம் போட்டு விளக்குவார்கள், எனக்குப் புரிந்ததே இல்லை. மிருதங்கம் கற்றுக்கொண்ட தங்கச்சி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: “திஸ்ர நடைதான் அண்ணா, தகிட தகிட சொல்லிட்டு ‘கி’ய முழுங்கிடு.” அதாவது ஒவ்வொரு தட்டையும் த-கி-ட என்று மூன்றாகப் பிரித்து, ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் கம்பியைத் தொட வேண்டும். ‘த’வின் சத்தம் ‘கி’ வரைக்கும் நீளும், ‘ட’ குட்டையாக ஒட்டிக்கொள்ளும். பாட்டு வேகமாகும்போது இந்த நீள-குட்டை வித்தியாசம் சுருங்கிவிடும், ஆனால் ஆரம்பத்தில் இந்தக் கணக்கே போதும்.

மெட்ரோனோமை (சீராக டிக் டிக் என்று அடிக்கும் கருவி) நிமிஷத்துக்கு 50 அடியில் வைத்துக்கொண்டு, அது அடிக்கும் இடத்தை ஒன்று, மூன்று என்று எண்ணாமல் ரெண்டு, நாலு என்று எண்ணுங்கள். ஒன்றையும் மூன்றையும் நாம் காலால் தட்ட வேண்டும். முதலில் சத்தியமாக வராது. நடந்துகொண்டே கைதட்டிப் பாருங்கள், சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்ட பிறகு புதுச்சேரி பீச் ரோட்டில் காந்தி சிலையிலிருந்து ஒரு நடை போய் வந்தால் பிடிபட்டுவிடும். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

படி 5: ஆக்டேவ்

வெஸ் என்றால் இதுதான். ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து ஒரே தட்டில் வாசிப்பது. தனிக் கம்பியில் ஒல்லியாகக் கேட்கும் மெட்டு, இதில் ரெண்டு பேர் சேர்ந்து பாடுகிற மாதிரி கனத்துவிடும். இவருக்கு முன்பும் ஆட்கள் வாசித்திருக்கிறார்கள், ஆனால் முழு சோலோவையும் இதில் தாங்கி, ஒரு ஸ்வரம் கூட வழுக்காமல் ஓட்டிக் காட்டியவர் இவர்.

ஐந்தாவது கம்பியில் 3-ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி, மூன்றாவது கம்பியில் 5-ஆவது ஃப்ரெட்டில் மோதிர விரல். நடுவில் நாலாவது கம்பி பேசக்கூடாது, அதற்கு ஆள்காட்டி விரலைச் சற்றுப் படுக்க வைத்து அதன் அடிப்பக்கம் அந்தக் கம்பியை உரசும்படி வையுங்கள். அழுத்த வேண்டாம், தொட்டாலே ஊமையாகிவிடும். இப்போது கட்டைவிரலால் மூன்று கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு. டொக் என்ற சத்தத்தோடு ரெண்டு ஸ்வரம் கேட்டால் சரி. மூன்று கேட்டால் ஆள்காட்டி விரலை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும்.

இதே கை வடிவத்தைக் கலைக்காமல் நகர்த்தினால் சுத்த தன்யாசி முழுக்க ஒரே கம்பி ஜோடியில் வந்துவிடும். ஐந்தாவது கம்பி திறந்தது, மூன்றாவதில் 2: அது ச. அப்புறம் 3-5 க, 5-7 ம, 7-9 ப, 10-12 நி. மேலே போகும்போது கண் ஆள்காட்டி விரலை மட்டும் பார்க்கட்டும், மோதிர விரல் தானாகப் பின்னால் வரும். ஆறாவது, நாலாவது கம்பி ஜோடிக்கும் இதே ரெண்டு ஃப்ரெட் இடைவெளிதான். ஆனால் நாலாவதோடு ரெண்டாவதையோ, மூன்றாவதோடு முதலாவதையோ சேர்த்தால் இடைவெளி மூன்றாகிவிடும், அங்கே மோதிர விரலுக்குப் பதில் சுண்டு விரல். முதல் பத்து நாளைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இங்கே நிறைய பேர் விட்டுவிடுவார்கள். மணிக்கட்டு வலிக்கும், நடுக்கம்பி பேசும், கீழ்வீட்டுப் பாட்டி “என்ன தம்பி, தச்சு வேலையா?” என்பார். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் மட்டும் இதற்கு ஒதுக்கிவிட்டு, வலித்தால் உடனே கையை உதறிவிட்டு படி 3-க்குத் திரும்பிவிடுங்கள்.

படி 6: மூன்று கார்டு, எஃப் இல்லாமல்

ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் ஒரு போக்கு: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. ஒவ்வொன்றுக்கும் மூன்றே கம்பி. முதல் கார்டுக்கு ஐந்தாவது கம்பியில் 5, நாலாவதில் 3, மூன்றாவதில் 5. ரெண்டாவதுக்கு ஆறாவதில் 3, நாலாவதில் 3, மூன்றாவதில் 4, இதில் இடையில் இருக்கும் ஐந்தாவது கம்பியை, ஆறாவதை அழுத்தும் விரலின் நுனியால் தொட்டு ஊமையாக்குங்கள். கடைசிக்கு ஐந்தாவதில் 3, நாலாவதில் 2, மூன்றாவதில் 4.

ஒவ்வொரு கார்டிலும் தடித்த அடிக்கம்பியை மறந்துவிட்டு மற்ற ரெண்டை மட்டும் கவனியுங்கள். முதல் மாற்றத்தில் நாலாவது கம்பி அசையாது, மூன்றாவது ஒரே ஒரு ஃப்ரெட் இறங்கும். அடுத்த மாற்றத்தில் மூன்றாவது அசையாது, நாலாவது ஒரு ஃப்ரெட் இறங்கும். அவ்வளவுதான் நடக்கிறது, ஆனால் கேட்டால் ஏதோ வெளியூர் போய் வீடு திரும்பின மாதிரி இருக்கும். எஃப் கார்டில் முட்டிக்கொண்டு ரெண்டு வருடம் போய்விட்டதே என்று எனக்குக் கோபமே வந்தது.

படி 7: நாலு செகண்ட் திருடுங்கள்

வெஸ் வாசித்த ஏதாவது ஒன்றில் உங்களுக்குப் பிடித்த நாலே நாலு செகண்ட். யூடியூபில் வேகத்தை 0.5-க்குக் குறைத்துக்கொண்டு, கிட்டாரைத் தொடாமல் முதலில் பாடிப் பழகுங்கள். தப்பில்லாமல் பாட வந்த பிறகுதான் கம்பியில் தேட வேண்டும். ஒரு துண்டுக்கு எனக்கு ஒரு வாரம் ஆகிறது. அவர் செய்ததும் இதுதான் என்பதால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 8: ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டிங்

ஃபோனை மேஜையில் வைத்து ஒரே ஒரு நிமிஷம் பதிவு செய்யுங்கள், தேதி போட்டுச் சேமியுங்கள், அன்றைக்கே கேட்காதீர்கள். நாலு வாரம் கழித்து வரிசையாகக் கேளுங்கள். என் முதல் பதிவில் கிட்டாரை விட காக்காய் நன்றாகக் கேட்கிறது. மூன்றாவதில் ஆக்டேவ் ரெண்டு இடத்தில் சுத்தமாக விழுந்திருக்கிறது. நாலாவதில் சி மேஜர் 7-க்கு வந்து சேரும்போது, மெட்ரோனோமே போடாமல், எங்கள் வீட்டு குக்கர் சரியாக நாலாவது தட்டில் விசில் அடித்திருக்கிறது.