முட்டி வலிக்கிறதா? சைக்கிள் சீட்டைப் பாருங்கள்

பிளஸ் ஒன்னில் கிடைக்கும் விலையில்லா சைக்கிளைப் பிள்ளைகள் பலர் வந்த உயரத்திலேயே ஓட்டுகிறார்கள். குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே உயரம் எப்படிச் சரிப்படும்?

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கடைசிவரை கீழே இறக்கி, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முட்டி மடங்கினால் சீட்டை ஏற்றுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்குங்கள். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் அளவு. புதிதாகப் பழகும் குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். இரண்டு பாதமும் தரையில் படட்டும்.

சீட் கம்பியில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றவே கூடாது, கம்பி வளைந்துவிடும். ஹேண்டில்பார் தண்டிலும் இதே கோடு உண்டு.

கையும் கழுத்தும் வலித்தால் ஹேண்டில்பாரைச் சீட் மட்டத்துக்கோ சற்று மேலேயோ கொண்டுவாருங்கள். மேல் போல்ட்டை நாலு சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டையை வைத்துத் தட்டினால் பிடி விடும். மறுபடி முறுக்கிய பிறகு முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு திருப்பிப் பாருங்கள். ஹேண்டில் மட்டும் தனியாகச் சுழன்றால் இன்னும் முறுக்க வேண்டும். பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள்.