குறட்டை திடீரென்று நின்றால் எண்ணத் தொடங்குங்கள்

பாம்பனில் விசைப்படகு டிரைவராக இருக்கிற என் அக்கா வீட்டுக்காரரின் குறட்டை எங்கள் குடும்பத்தில் பல வருடக் கேலி. கடலில் இன்ஜின் சத்தத்துக்கு முன்னால் அது எடுபடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் மச்சான் வீட்டில் படுத்தபோதுதான் அக்கா ஒன்றைக் கவனித்தாள். "சத்தம்கூடப் பழகிப் போச்சுடா, சத்தம் நிக்கும்போதுதான் பயமா இருக்கு" என்றாள்.

அவள் சொன்னதுதான் விஷயமே. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சு வழியைக் குறுக்குவதால் வருவது குறட்டை. வழி முழுவதும் அடைத்துக்கொண்டால் மூச்சே நின்றுவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அரைகுறையாக உசுப்பிவிட, ஆள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். காலையில் எதுவும் நினைவிருக்காது. 10 வினாடியோ அதற்கு மேலோ நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா.

முதலில் பதிவு செய்யுங்கள்

குறட்டை விடுகிறவரிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. "போடா மாப்ள, நானாவது குறட்டை விடுறதாவது" என்றுதான் மச்சானும் சொன்னார். அதனால் செல்போனை ஃபிளைட் மோடில் போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, தலைமாட்டில் ஒரு முழம் தள்ளி வையுங்கள். மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத இடமாக இருக்கட்டும். மூன்று இரவு போதும்.

கேட்கும்போது விடியற்காலைப் பகுதியை விட்டுவிடாதீர்கள். பலருக்கு அப்போதுதான் அதிகம். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்தால், திரையில் ஓடுகிற நேரத்தைப் பாருங்கள். மச்சானுக்கு ஒரு இடத்தில் 38 வினாடி நிசப்தம். அப்புறம், சங்கு குளிக்கப் போனவர் மேலே வந்ததும் வாயைத் திறந்து இழுப்பாரே, அப்படி ஒரு இழுப்பு. அதைக் கேட்டபிறகு அவர் வாதாடவில்லை.

பகலில் பார்க்க வேண்டியவை

மருத்துவர்கள் ஸ்டாப்-பேங் என்று எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறார்கள். சத்தமான குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, இரத்தக் கொதிப்பு, மிகையான உடல் பருமன், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என்பது. மூன்றுக்கு "ஆமாம்" என்றால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கழுத்தைத் தையல்காரர் டேப்பால் அளக்கலாம். காலைத் தலைவலி, வாய் வறட்சி, இரவில் அடிக்கடி சிறுநீருக்கு எழுவது, பேருந்தில் உட்கார்ந்ததும் சாய்வது ஆகியவையும் அடையாளங்கள். ஒல்லியானவர்களுக்கும் பெண்களுக்கும்கூட வரும். குழந்தை தினமும் குறட்டை விட்டால் டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் உள்ள சதையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம்

நாங்கள் செய்த தவறு: "சரியான தூக்கமில்லை" என்று ஆரம்பித்தோம். முதலில் பார்த்தவர் தூக்க மாத்திரை எழுதிவிட்டார். சில தூக்க மாத்திரைகள் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். எனவே "தூக்கத்தில் மூச்சு நிற்கிறது" என்று தொடங்கி, பதிவைப் போட்டுக் காட்டுங்கள். காது மூக்குத் தொண்டை மருத்துவர் அல்லது நுரையீரல் மருத்துவர் சரியான ஆள். இரவில் உடம்பில் ஒயர்களை ஒட்டித் தூக்கப் பரிசோதனை செய்வார்கள். வீட்டிலேயே செய்கிற சிறு கருவியும் உண்டு. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று எண் வரும். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மச்சானுக்கு 34.

சிகிச்சை

லேசாக இருந்தால் எடை குறைப்பதும், மதுவை விடுவதும், ஒருக்களித்துப் படுப்பதும் நல்ல பலன் தரும். மல்லாக்கப் புரளாமல் இருக்கப் பனியன் முதுகில் பந்து தைப்பது பழைய உத்தி. மச்சான் வலை மிதவை ஒன்றைத் தைத்துக்கொண்டார், அதுவும் அதே வேலை செய்தது. கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற வாய்க்கருவியைப் பல் மருத்துவர் செய்து தருவார்.

கடுமையானால் சிபேப் இயந்திரம்தான். 1981-இல் ஆஸ்திரேலியாவில் வந்த முறை. இது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. அறைக் காற்றையே ஒரு முகமூடி மூலம் அழுத்தத்துடன் மூக்கு வழியாக அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். எடுத்த எடுப்பில் ராத்திரியில் மாட்டாதீர்கள். மாலையில் டிவி பார்த்தபடி அரை மணி நேரம் பழகுங்கள். காற்றுக் கசிந்தால் பட்டையை இறுக்கிக்கொண்டே போகாமல் முகமூடியின் அளவை மாற்றச் சொல்லுங்கள்.

நம் கரையோரத்துக்கென்று சில கவனங்கள். காற்றை ஈரப்படுத்த இயந்திரத்தோடு வருகிற நீர்த்தொட்டியில் நம்ம ஊர் உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெள்ளைப் படிவு கட்டிவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கடல் காற்றில் தூசி வடிகட்டி சீக்கிரம் அழுக்காகும், அடிக்கடி பாருங்கள். முகமூடியைத் தினமும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருந்தால் நிம்மதி. பகல் தூக்கம் தெளியும்வரை படகின் ஸ்டியரிங்கும் பைக்கும் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

இயந்திரம் வந்த முதல் வாரம் மச்சான் நன்றாகத் தூங்கினார். அக்காதான் தூங்கவில்லை. சத்தமே இல்லாமல் கிடக்கிறாரே என்று அடிக்கடி எழுந்து அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாளாம்.