வால்வெள்ளியின் ஒழுக்கைக் கணிப்பது எப்படி? கொழும்பு மாடியிலிருந்து தொடங்குவோம்

2024 செப்டம்பர் கடைசியில் சுச்சின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி விடியற்காலையில் தெரிந்த நாட்களில், வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடிக்கு ஏறி வந்த பக்கத்து வீட்டு மாமா கமராத் திரையைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, இது திரும்பி எப்ப வரும்?” அதற்குப் பதில் சொல்ல அதன் ஒழுக்கு, அதாவது சூரியனைச் சுற்றி அது போகும் பாதை, தெரிய வேண்டும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இது கைக்கெட்டிய வேலை. மற்றவர்கள் மென்பொருளை வைத்துச் செய்யலாம், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு செய்யுங்கள், அதில்தான் சுவையே இருக்கிறது.

நாம் தேடுவது ஆறு எண்கள். சூரியனுக்கு எவ்வளவு கிட்ட வருகிறது, எந்த நாளில், பாதை எவ்வளவு நீண்டது (இதுதான் மையவகற்சித்திறன்), பிறகு பாதை வானவெளியில் எப்படிச் சரிந்து கிடக்கிறது என்று சொல்லும் மூன்று கோணங்கள். மேலே சொன்ன வால்வெள்ளி சூரியனுக்கு மிகக் கிட்ட வந்தது 2024 செப்டம்பர் 27 இல், தூரம் 0.39 வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தூரம்தான் ஒரு அலகு), அதாவது ஏறக்குறைய 5.8 கோடி கிலோமீற்றர். பூமி சுற்றும் தளத்தோடு பார்த்தால் சரிவு 139 பாகை, 90 ஐத் தாண்டியதால் கோள்கள் சுற்றும் திசைக்கு எதிராக வந்தது.

முதலில் படம். நட்சத்திரங்கள் புள்ளியாகவே விழும்படி குறுகிய நேரப் படங்களாக எடுங்கள். படத்தை அஸ்ட்ரோமெட்ரி.நெட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் பின்னணி நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, படத்தின் எந்தப் புள்ளி வானத்தில் எங்கே என்று சொல்லிவிடும். பூமியில் நெடுங்கோடு, அகலக்கோடு போல வானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. அளக்க வேண்டியது தலையின் நடுவில் உள்ள பிரகாசமான சிறு குவியலைத்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒளி வால் பக்கமாக வழிந்திருக்கும், கண்ணும் கையும் தானாகவே அந்தப் பக்கம் போய்விடும். கவனம்.

அடுத்தது நேரம். இந்த இடத்தில்தான் கொழும்புக்காரர்கள் தவறுவோம். கணிப்புக்கு உலகப் பொது நேரம் வேண்டும், நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். விடியற்காலை 5.10 க்கு எடுத்த படம் என்றால் அது முதல் நாள் இரவு 23.40 ஆகிறது. திகதியும் ஒரு நாள் பின்னே போகிறது! நான் ஒரு முறை அரை மணியை மறந்து 5 மணியை மட்டும் கழித்தேன். வால்வெள்ளி ஒரு நாளைக்கு ஒரு பாகை நகர்ந்தால் நிமிடத்துக்கு 2.5 வில் செக்கன் (ஒரு பாகையில் 3,600 வில் செக்கன்), அரை மணிக்கு 75. நல்ல அளவீடுகள் ஒரு வில் செக்கனுக்குள் பொருந்தும் என்பதால் 75 என்பது கணக்கையே குலைத்துவிடும். கமராவின் கடிகாரத்தை ஒவ்வொரு இரவும் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். அப்புறம், நீங்கள் நின்ற இடத்தையும் கொடுங்கள். சூரியன் இருக்கும் தூரத்தில் உள்ள ஒரு பொருள்கூட, பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதற்கும் விளிம்பிலிருந்து பார்ப்பதற்கும் இடையில் 8.8 வில் செக்கன் வரை இடம் மாறித் தெரியும்.

இனிக் கணக்கு. ஒரு படம் திசையைத்தான் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. உங்கள் கண்ணிலிருந்து வானத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டியதாக நினையுங்கள். அந்த நூலில் எங்கோ ஒரு மணியாக வால்வெள்ளி இருக்கிறது. மூன்று இரவுகள் என்றால் மூன்று நூல், மூன்று மணி. பூமியும் நகர்வதால் நூல்கள் வெவ்வேறு இடத்திலிருந்து கிளம்புகின்றன. மூன்று மணிகளும் சூரியனும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், சூரியனிலிருந்து இழுத்த கோடு சம நேரத்தில் சம பரப்பை வாரிச் செல்ல வேண்டும் என்ற கெப்ளர் விதியும் பொருந்த வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து மணிகளை நூலில் அங்கே இங்கே நகரவிடாமல் பிடித்துவிடுகின்றன. ஒரே இரவில் எடுத்த மூன்று படங்கள் உதவாது, பாதையின் வளைவு அதில் தெரியாது. சூரியனுக்குக் கிட்ட வந்துவிட்ட வால்வெள்ளி என்றால் ஒரு வார இடைவெளி விடுங்கள், தூரத்தில் இருந்தால் இன்னும் கூடுதலாக.

முதல் கணிப்பில் பாதையைப் பரவளைவு, அதாவது மூடாமல் திறந்தே போகும் வளைவு, என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது மையவகற்சித்திறன் 1. ஆங்கிலேய வானியலாளர் ஹேலி 1705 இல் 24 வால்வெள்ளிகளுக்கு இப்படித்தான் செய்தார். பிறேமன் நகர வைத்தியர் ஒல்பர்ஸ் 1797 இல் வெளியிட்ட எளிய முறையும் பரவளைவுக்கானதுதான். ஆறு எண் ஐந்தாகிவிடுவதால் குறைந்த தரவிலும் கணக்கு நிலையாக நிற்கும். கையால் போட்டுப் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டால் ஃபைன்ட் ஓர்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சிறுகோள், வால்வெள்ளி அளவீடுகளைச் சேகரிக்கும் மைனர் பிளானட் சென்டர் என்ற நிலையம் உலகெங்கும் இருந்து வரும் அளவீடுகளை இலவசமாகத் தருகிறது, அதை எடுத்தும் பழகலாம்.

இப்போது முக்கியமான கட்டம். தரவு கூடியதும் மையவகற்சித்திறனை 1 என்று கட்டிவைக்காமல் விடுவித்துக் கணித்தால் 0.9990 என்றோ 1.0002 என்றோ ஒரு எண் வரும், உடனே மாமாவிடம் ஓடாதீர்கள். 0.39 அலகு கிட்ட வரும் வால்வெள்ளிக்கு 0.9990 என்றால் சுற்றுக்காலம் சுமார் 7,700 ஆண்டுகள். 0.9999 என்றால் சுமார் 2,43,000 ஆண்டுகள். 1 ஐத் தாண்டினால் மூடிய நீள்வளையம் திறந்த அதிபரவளைவாகிவிடும், வால்வெள்ளி திரும்பவே வராது. நான்காம் தசமத்தில் ஒரு சிறு பிழை, பதில் தலைகீழ்! காரணம், சூரியனுக்குக் கிட்ட இந்த வளைவுகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன, நாம் பார்ப்பதும் அந்தச் சிறு துண்டைத்தான். அதனால்தான் பழைய படம் ஒன்று கிடைத்தால் அவ்வளவு மதிப்பு. 2023 இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வால்வெள்ளியை 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பலோமர் வானாய்வகத்தில் எடுத்த படங்களிலும் பிறகு தேடி எடுத்தார்கள், பாதையின் தெரிந்த பகுதி அந்த அளவுக்கு நீண்டது. இதோடு வியாழனும் சனியும் இழுக்கும், பனி ஆவியாகிப் பீறிடும் வாயுவும் தள்ளும். உண்மையான சுற்றுக்காலம் வேண்டுமென்றால் வால்வெள்ளியைக் கோள்களுக்கு அப்பால் வரை கணினியில் ஓட்டி, சூரியனை விட்டுவிட்டு முழுச் சூரியத் தொகுதியின் திணிவு மையத்தை வைத்துக் கணிக்க வேண்டும்.

மாமாவுக்கு நான் சொன்னது, “எங்கட காலத்தில வராது.” அவர் இன்னொரு தடவை திரையைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். உங்கள் கணிப்பைச் சோதிக்க, நாளைக்கு விடிய 5.10 க்கு அது எங்கே இருக்கும் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள், பிறகு மேலே ஏறிப் படம் எடுத்து அளந்து பாருங்கள்.