குதிரைப் பராமரிப்புப் படிப்பு: முதல் வருடத்தில் எல்லோரும் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் ஹார்ட்புரி, மையர்ஸ்கோ, பிஷப் பர்ட்டன் போன்ற கல்லூரிகளில் குதிரைப் பராமரிப்பும் மேலாண்மையும் தனிப் படிப்பாகவே இருக்கிறது. ஜி.சி.எஸ்.இ. என்ற பள்ளித் தேர்வை முடித்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள், நம் ஊர் மேல்நிலைப் படிப்புக்கு நிகரான இரண்டு வருட லெவல் 3 படிப்பில் சேர்கிறார்கள். நானும் அப்படி ஒரு கல்லூரியில் படித்தவள்தான். இப்போது ஒரு லாயத்தில் முதல் வருட மாணவர்களுக்கு வேலை பழக்குகிறேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், ஆனால் தவறுகள் மட்டும் பழையவைதான். அவற்றில் பெரும்பாலானவை மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நிற்பதில்லை, ஒரு குதிரையையும் நோக வைக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது சவாரிப் படிப்பு என்று நினைத்துக்கொண்டு வருவது. குதிரை மேல் உட்காரும் நேரம் வாரத்தில் கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் லத்தி அள்ளுவது, தண்ணீர் வாளி தேய்ப்பது, வகுப்பில் எலும்பும் தசையும் குடலும் படிப்பது, கணக்கு எழுதுவது. சவாரியே இல்லாத பிரிவுகளும் உண்டு. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி நடத்தும் தேர்வுகளிலும் பராமரிப்பு வேறு, சவாரி வேறு. நன்றாகச் சவாரி தெரிந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். குதிரையைத் தெரியும் என்ற நினைப்பில் அதைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது தீவனம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குதிரைக்கு வரும் கேடுகளில் பாதி வாய் வழியாகத்தான் வருகிறது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று நம் பழமொழியே குதிரையைக் கொள்ளோடு சேர்த்துவிட்டது. அதனால் குதிரைச் சாப்பாடு என்றாலே தானியம் என்ற எண்ணம் நமக்கு. இங்குள்ள பிள்ளைகளும் அப்படித்தான், வண்ணப் பையில் வரும் தீவனத்தைத்தான் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். ஆனால் குதிரையின் உடம்பு நாளெல்லாம் புல் மேய்வதற்காக அமைந்த உடம்பு. 500 கிலோ எடையுள்ள அவ்வளவு பெரிய பிராணிக்கு வயிறு 10 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அந்த வயிற்றில் அமிலம் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். ஆக, மெல்ல எதுவும் இல்லாமல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அமிலம் வயிற்றுச் சுவரை அரிக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் போக வேண்டும்.

தானியத்தை ஒரே வேளையில் அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்கு இறங்கிவிடும். அங்கே நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மாவுச்சத்து வந்து சேர்ந்தால் அந்தச் சமநிலை கெட்டு, அமிலம் பெருகும். வயிற்றுவலி வரலாம். குளம்புக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கும் லேமினைட்டிஸும் வரலாம். கால் ஊன்ற முடியாமல் உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கும் குதிரையை ஒரு தடவை பார்த்தவர் தீவன வாளியை அலட்சியமாகத் தூக்க மாட்டார்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம், அதுவும் ஈரம் நீங்கிய எடையில், புல்லாகவோ உலர்புல்லாகவோ தினமும் போக வேண்டும். 500 கிலோ குதிரைக்கு 7.5 கிலோ. உலர்புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் தராசில் 9 கிலோ வரும். தானியம், பைத் தீவனம் போன்ற அடர்தீவனம் தேவைப்பட்டால் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் 7 முதல் 14 நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். அப்புறம், ஸ்கூப் என்ற அள்ளுகரண்டியால் அளப்பதை விட்டுவிடுங்கள். ஒரு ஸ்கூப் நட்ஸும் (அழுத்திக் கட்டியாக்கிய தீவனம்) ஒரு ஸ்கூப் சாஃபும் (பொடியாக நறுக்கிய உலர்புல்) ஒரே எடை இல்லை. தராசில் வையுங்கள்.

குதிரையின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவதும் இதே தவறுதான். எடைமேடை இல்லாத இடத்தில் டேப் போதும். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,877 ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. மாணவர்களிடம் முதலில் கண்ணால் மதிப்பிட்டு எழுதச் சொல்வேன், பிறகு டேப்பைக் கொடுப்பேன். இரண்டு எண்ணுக்கும் நடுவே நூறு கிலோ இடைவெளி விழுவது சாதாரணம். குடல்புழுவுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தின் அளவு எடையை வைத்துத்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது நான் செய்த தவறு. முதல் வருடம் ஜனவரி மாதம், காலைப் பார்வையிடல் என் பொறுப்பு. வெளியே உறைபனி, விரல் மரத்துப்போயிருந்தது. செம்பழுப்புக் குதிரை ஒன்றின் அறைக் கதவு மேல் எட்டிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தது. பதிவேட்டில் "சரி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். சற்று நேரத்தில் லாயத்து மூத்த அக்கா என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "உள்ளே வா. நீ என்னென்ன பார்த்தாய், சொல்லு" என்றார். அப்போதுதான் பார்த்தேன். புல் வலை பாதி அப்படியே இருந்தது. தண்ணீர் வாளியில் மட்டம் இறங்கவே இல்லை. இரவு முழுவதற்கும் இரண்டே லத்திக் குவியல், உருண்டை சின்னதாக, காய்ந்து, மேலே சளி படிந்து. குதிரை தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது, மேலுதட்டைச் சுருட்டியது. அக்கா என் கையைப் பிடித்துத் தாடை எலும்பின் கீழ் விளிம்பில் வைத்தார். பென்சில் தடிமனுக்கு ஒரு நாளம் விரலடியில் உருண்டது. எண்ணினேன், நிமிடத்துக்கு 52.

ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடித்துடிப்பு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். இந்த எண்கள் எனக்கு மனப்பாடம், ஆனால் கையை வைத்துப் பார்க்கவில்லை. குளிரில் ஐஸ் போன்ற தண்ணீரைக் குடிக்காமல், அறைக்குள்ளேயே நின்று, குடலில் புல் அடைத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி உப்புக் கலந்த நீரை இறக்கினார். சாயங்காலம் லத்தி விழுந்தபோது அந்த அறை வாசலிலேயே நின்று அழுதேன்.

அதனால் என் மாணவர்களைப் பதிவேட்டில் "சரி" என்று எழுத விடுவதில்லை. எத்தனை குவியல், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு புல் மிச்சம், அதை எழுதட்டும். இன்னொன்று, நலமாக இருக்கும் நாளில் ஒவ்வொரு குதிரையின் நாடியையும் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குதிரைக்கு எது வழக்கம் என்று தெரிந்தால்தான் வழக்கம் மாறும்போது உறைக்கும்.

குதிரையைக் கையாளும்போது செய்யும் தவறுகள் மாணவரின் உடம்பையே பாதிக்கும். பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டு ஓடினால் கயிறு இறுகி விரல் போகும். மடித்துப் பிடியுங்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, எனவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். சுவர் வளையத்தில் நேராகக் கட்டாமல், அதில் மாட்டிய கயிற்று வளையத்தில், ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். குதிரை பின்வாங்கினால் அந்த வளையம் அறுந்து கொடுக்க வேண்டும். புல்கட்டைக் கட்டி வரும் பிளாஸ்டிக் கயிறு இப்போதெல்லாம் லேசில் அறுவதில்லை. இழை பிரித்து மெலிதாக்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

குளம்பைத் தினமும் சுத்தம் செய்வது மாணவர் வேலை. லாடம் அடிப்பது அவர் வேலை இல்லை. பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற லாடக்காரர் மட்டுமே அதைச் செய்யலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை அவர் வர வேண்டும்.

பூச்சி மருந்தைக் காலண்டர் பார்த்துக் கொடுப்பதும் பழைய வழக்கம். மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகிவிட்டதால், இப்போது முதலில் லத்தியில் முட்டை எண்ணிக்கை பார்க்கிறார்கள்.

காகித வேலையை யாரும் விரும்புவதில்லை, ஆனால் அதுதான் படிப்பின் மேலாண்மைப் பாதி. இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் என்ற அடையாள ஆவணம் கட்டாயம். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் மைக்ரோசிப்பும் கட்டாயம். அந்தப் பாஸ்போர்ட்டில் குதிரை மனித உணவுக்கு இல்லை என்று குறிக்கப்பட்டிருந்தால்தான் பியூட் என்ற சாதாரண வலி மருந்தைக்கூடக் கொடுக்கலாம். ஓடிப்போய் மருந்துப் பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, சேர்வதற்கு முன் பணம் செலவழிக்கும் விதம். நிறையப் பேர் அழகான சவாரி உடையை முதலில் வாங்கிவிட்டு, ஹெல்மெட்டை யாரோ பயன்படுத்தியதாக மலிவில் எடுக்கிறார்கள். வேண்டாம். ஒரு முறை கீழே விழுந்த ஹெல்மெட்டுக்குள் ஏற்பட்ட சேதம் வெளியே தெரியாது. புதிதாக வாங்குங்கள், கடையில் தலைக்குப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள், விழுந்தால் மாற்றுங்கள். மிச்சப் பணத்தில் தண்ணீர் புகாத பூட்ஸும் இரண்டு ஜோடி கையுறையும் எடுங்கள். ஜனவரியில் ஒரு ஜோடி நனைந்திருக்கும்போது இன்னொன்று வேண்டியிருக்கும்.