ஃபக்டரி வேலைக்குப் போக முன்: காசு கட்டத் தேவையில்லாத பயிற்சியும் கேட்டு வாங்க வேண்டிய பயிற்சியும்

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, யாராவது ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்: "தம்பி, ஃபக்டரி வேலை எடுக்கிறதெண்டால் முதலில சேஃப்டி சேர்டிபிக்கட் வேணும். எனக்குத் தெரிஞ்ச இடத்தில எல்லாக் கோர்ஸையும் ஒண்டாச் செய்யலாம்." விலையையும் அவரே சொல்லுவார். காசை நீட்ட முதல் கொஞ்சம் பொறுங்கள்.

ஒன்ராறியோவில் எந்தத் தொழிலாளிக்கும் சட்டப்படி கட்டாயமான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று இருக்கிறது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. மாகாணத் தொழில் அமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகவே செய்யலாம். நான்கு படிகள், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். முடிவில் வரும் சான்றிதழை அச்செடுத்து, சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) கடிதம் இருக்கிற அதே ஃபைலில் வையுங்கள். வேலை மாறினாலும் அது செல்லும். ஒரு சதமும் செலவில்லாத இதற்குக் காசு கேட்பவர், அடுத்த கோர்ஸைப் பற்றிச் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது "விமிஸ்". இரசாயனப் பொருட்களைப் பற்றிய பயிற்சி. போத்தல், வாளிகளில் சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் நெருப்பு, மண்டையோடு, கையை அரிக்கும் திரவம் என்று படங்கள் இருக்கும். அவற்றின் பொருளை வீட்டிலிருந்தே படித்துவிடலாம். ஆனால் உங்கள் கொம்பனியில் எந்த வாளியில் என்ன இருக்கிறது என்பதைக் கொம்பனிதான் சொல்லித்தர வேண்டும். வெளியே வாங்கிய எந்தக் கடதாசியும் அதைச் சொல்லாது. கிளீனிங் வேலைக்குப் போகிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. "நல்லாக் கழுவுப்படட்டும்" என்று ஜாவெக்ஸ் என்ற பிளீச்சையும் டொய்லெட் கழுவும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது விளையாட்டல்ல.

பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு அரசாங்க லைசன்ஸ் என்று ஒன்று இங்கே கிடையாது. பயிற்சி நிலையங்கள் தருவது அவர்களின் சான்றிதழ். ஓட்டுபவர் தகுதியானவரா என்று உறுதிசெய்யும் பொறுப்பு கொம்பனியுடையது. ஆகவே கார்ட் இருந்தாலும், அந்த இடத்தில் அந்த மெசினில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். வெயர்ஹவுஸ் வேலையில் நிலைக்க எண்ணமிருந்தால் இந்த ஒரு கோர்ஸுக்குக் காசு கட்டலாம் என்பது என் அபிப்பிராயம். அதுவும் முதல் சம்பளம் வந்த பிறகு.

"ஓஷா 10" என்ற விளம்பரமும் கண்ணில் படும். அது அமெரிக்காவினுடையது. பொதுத் தொழில்துறைத் தொழிலாளருக்குப் பத்து மணித்தியாலம், மேற்பார்வையாளருக்கு முப்பது. படித்தது வீணாகாது, ஆனால் ஒன்ராறியோவின் கட்டாயப் பயிற்சிக்கு அது ஈடாகாது. உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி கட்டுமானத் தளங்களுக்கானது, மூன்று வருடம் செல்லும். பாக்கிங் வேலைக்குப் போகிறவருக்கு அது எதற்கு?

இனிமேல் வருவதைத்தான் வடிவாக வாசிக்கச் சொல்லுவேன்.

என்னுடைய முதல் வேலை, கொம்பனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் மூலம் கிடைத்தது. இருபது நிமிட வீடியோ, ஒரு கையெழுத்து, நேரே லைனில் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் பாக்கிங் மெசினில் அட்டைப்பெட்டி சிக்கியது. மெசின் நின்றுதானே இருக்கிறது என்று கையை உள்ளே விடப்போனேன். பக்கத்தில் நின்ற அண்ணை தோளைப் பிடித்து இழுத்தார். "நிண்டது மெசின் இல்லையடா, பெட்டிதான். பெட்டியை எடுத்தால் அது ஓடும்." லொக்கவுட் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அன்றுதான். கரண்டை நிறுத்தி, அதன்மேல் உங்கள் பூட்டைப் போட்டு, திறப்பை உங்கள் பொக்கெற்றில் வைத்திருப்பது. அப்படிச் செய்யக் கற்றுத்தராத மெசினுக்குள் கையை விடாதீர்கள், யார் சொன்னாலும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். விளங்காவிட்டாலும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவோம். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். "ஷோ மீ வன்ஸ் மோர், ப்ளீஸ்" என்று கேளுங்கள். இந்த ஒரு வசனம் போதும். உங்களுக்கு விளங்கும்படி சொல்லித்தருவது அவர்களின் கடமை. வேலைக்கு எடுத்தபின் கட்டாயமாகத் தரும் பயிற்சி நேரத்துக்குச் சம்பளமும் உண்டு. ஏஜென்சி அனுப்பியவர் என்பதால் உரிமை குறையாது. ஏஜென்சிக்கும் பொறுப்பு இருக்கிறது, நீங்கள் வேலை செய்யும் கொம்பனிக்கும் இருக்கிறது. வேலை எடுத்துத்தர ஏஜென்சி உங்களிடம் காசு வாங்குவதும் சட்டவிரோதம்.

ஆபத்து என்று நியாயமாக நினைத்தால் வேலையை மறுக்கலாம். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதல்ல மறுப்பு. சூப்பர்வைசரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு, பாதுகாப்பான இடத்தில் அங்கேயே நிற்க வேண்டும். அவர் உங்கள் முன்னிலையில் பார்க்க வேண்டும், தொழிலாளர் பிரதிநிதியும் கூட இருக்க வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் பாதுகாப்புக் குழு இருக்கும், அதன் உறுப்பினர்களின் பெயர்கள் அறிவித்தல் பலகையில் தொங்கும். முதல் நாளே அந்தப் பெயர்களைப் பார்த்து வையுங்கள். அப்போதும் திருப்தியில்லை என்றால் அமைச்சின் இன்ஸ்பெக்டர் வருவார். அமைச்சின் இலக்கம் 1-877-202-0008. இதற்காக உங்களை வேலையால் நிறுத்துவதோ மிரட்டுவதோ சட்டப்படி குற்றம். அகதிக் கோரிக்கையாளர், மாணவர் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை.

காயம் பட்டால், சின்னதென்றாலும் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். டொக்டரிடம் "வேலையில் நடந்தது" என்று வாய்திறந்து சொல்லுங்கள். "பதிய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். டபிள்யூ.எஸ்.ஐ.பி என்னும் இழப்பீட்டுச் சபைக்குத் தொழிலாளி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இடுப்பு நோ ஒரு வருடம் கழித்து முற்றும்போது, அன்று பதியாமல் விட்டதை நினைத்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

சேஃப்டி சப்பாத்தைப் பெரும்பாலும் நாங்கள்தான் வாங்க வேண்டியிருக்கும். சி.எஸ்.ஏ என்ற எழுத்துடன் பச்சை முக்கோணம் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். விரல் பக்கம் இரும்பு மட்டுமல்ல, ஆணி குத்தாத அடிப்பகுதியும் இருக்கிறது என்று அர்த்தம். மாலையில் போய், தடித்த சொக்ஸோடு போட்டுப் பாருங்கள். காலையில் அளவாக இருந்த சப்பாத்து எட்டு மணித்தியாலம் நின்றபின் கடிக்கும்.