கள்ள உபதேசத்தைச் சோதிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

தமிழக-கேரள எல்லையில், களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே, கன்வென்ஷன் எனும் கிறிஸ்தவ நற்செய்திக் கூட்டப் பந்தல்களுக்குக் குறைவே இல்லை. மலையாளப் பிரசங்கியார் பேசப் பேச, பக்கத்தில் நிற்பவர் அதே வேகத்தில் தமிழில் சொல்வார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபையாரும் வந்து உட்காருவார்கள். வருவதில் பிழையில்லை. கேட்டது வேதத்துக்கு முரணான கள்ள உபதேசமா என்று எதைக் கொண்டு சோதிக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

அற்புதம் நடந்தால் உபதேசமும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது முதல் தவறு. தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் நடந்தேறினாலும்கூட, வேறு தேவர்களைப் பின்பற்ற அழைத்தால் அவனுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்று உபாகமம் 13ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது.

அதைவிட ஆபத்தானது, ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொள்வது. "நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்ற 3 யோவான் 2ஆம் வசனத்தை எத்தனை மேடைகளில் செல்வத்துக்கும் சுகத்துக்குமான வாக்குத்தத்தமாக முழங்குகிறார்கள்! அது காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் வாழ்த்துரை. மேடை முழக்கத்தை நம்பி, ரப்பர் பால்வெட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பம் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? நோய் முற்றியதும், "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று பழியையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிடுவார்கள். இது எனக்குத் தாங்க முடியாத கொடுமை.

நான்காம் நூற்றாண்டில் கள்ள உபதேசக்காரர் என்று திருச்சபை தள்ளிய அலெக்சந்திரியா குருவான ஆரியுஸும் வேதத்தை ஒதுக்கியவர் அல்ல. அவர் பக்கத்தார் நீதிமொழிகள் 8ஆம் அதிகாரத்தைக் காட்டியே, தேவகுமாரனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்று வாதித்தார்கள். கி.பி. 325இல் நிசேயாவில் (இன்றைய துருக்கியில்) கூடிய ஆயர்கள் விசுவாசப்பிரமாணம் ஒன்றை வகுத்து அதை மறுத்தார்கள். வெறும் சொற்சண்டை அல்ல அது. இயேசு ஒரு படைப்பு என்றால், அவரைத் தொழுவது விக்கிரக ஆராதனை. படைப்பு ஒன்று நம்மை இரட்சிக்கவும் முடியாது. விசுவாசப்பிரமாணத்தை ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்த நாம், இந்தக் காரணத்தைத் திடப்படுத்தல் வகுப்பில், அதாவது சபையில் முழு அங்கத்தினராகுமுன் நடக்கும் வகுப்பில், பிள்ளைகளுக்கு விளக்குவதே இல்லை. பிறகு வீட்டுவாசலுக்கு வருகிறவர் இயேசுவை 'சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்' என்று சொல்லும் கொலோசெயர் 1:15ஐக் காட்டி இயேசுவைப் படைப்பு என்றால், வாயடைத்து நிற்கிறார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நகை போடுவது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கை தட்டிப் பாடுவது ஆகியவற்றுக்கெல்லாம் அடுத்த சபையைக் 'கள்ள உபதேசம்' என்று தூற்றுகிறோம். ஞானஸ்நானத்தைப் பற்றி உட்கார்ந்து விவாதிக்கலாம், கருத்து வேறுபடலாம். கிறிஸ்து யார், அவருடைய சிலுவை மரணம் நமக்குப் போதுமா என்பவற்றில் கைவைக்கும்போதுதான் பவுல் கலாத்தியரில் சொல்லும் 'வேறொரு சுவிசேஷம்' பிறக்கிறது.

ஊழியக்காரரைக் கேள்வி கேட்பது பாவம் என்ற பயத்தையும் விட வேண்டும். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டுகிறது. பந்தலிலிருந்து வீடு திரும்பியதும், மேடையில் வாசித்த வசனத்தை எடுத்து, அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். சந்தேகம் எழுந்தால் மறுநாளே பிரசங்கியாரிடம் நேரில் கேளுங்கள்.