துணர், சிலம்பு, பரல்: பழைய ஆராய்ச்சி இதழ்களை வாசிக்கும் முறை

வரலாற்றுக்கும் சிந்தனைக்கும் இடம் தந்த பழைய தமிழ் இதழைத் தேடி நூலகம் செல்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டுரைக்காகவே செல்கிறார். அதை நகலெடுத்ததும் தொகுதியை மூடிவிடுகிறார். கட்டுரை கைக்கு வந்துவிடும். அது யாருக்கு மறுப்பாக எழுதப்பட்டது, அடுத்த மாதம் அதற்கு யார் பதில் சொன்னார் என்பவை தொகுதிக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே, தேடிய கட்டுரை வெளியான ஆண்டின் இதழ்களையாவது முதலிலிருந்து வரிசையாகப் புரட்ட நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

புரட்டத் தொடங்குமுன் இதழ் தன்னை எப்படி எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’, தொகுதி, பகுதி என்று எண்ணியது. சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் ‘செந்தமிழ்ச் செல்வி’க்கு ஆண்டுத் தொகுதி சிலம்பு, அதனுள் வரும் இதழ் பரல். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ துணர், மலர் என்றது. பொழிலில் பூங்கொத்தும் பூவும் இருப்பதுதானே முறை. இந்த அழகில் ஒரு சிக்கலும் உண்டு. வேறு பல இதழ்களில் மலர் என்பது ஆண்டுத் தொகுதியைக் குறிக்கும். எனவே குறிப்பெடுக்கும்போது வெறும் எண்களை மட்டும் எழுதாமல், இதழ் கையாளும் சொல்லையும் சேர்த்து எழுதுவதே பாதுகாப்பானது.

அதிகத் தவறு நேரும் இடம் தேதி. பல இதழ்கள் தமிழ் ஆண்டின் பெயரையும் மாதத்தையும் முன்னிறுத்தின. விபவ ஆண்டு ஆடி என்றால் 1928 ஜூலை, ஆகஸ்ட். அதே விபவ ஆண்டு மாசி என்றாலோ 1929 பிப்ரவரி, மார்ச். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் சென்றுவிடுகின்றன. மார்கழியோ இரண்டு ஆண்டுகளிலும் கால் வைத்திருக்கும். முன்பொரு முறை மாசி இதழ்க் கட்டுரை ஒன்றை ஓராண்டு முன்தள்ளிக் குறித்துக்கொண்டு, அது எந்தக் கட்டுரைக்கு மறுப்போ அந்தக் கட்டுரைக்கே முன்னோடி என்று நான் எழுதிவிட்டேன். வரிசையாகப் புரட்டியிருந்தால் அது நேர்ந்திருக்காது. ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதையும் மறக்கக் கூடாது. 1868இல் தொடங்கியதும் விபவதான்.

தொடர்களை அவை வெளிவந்த இதழிலேயே வாசிப்பதன் பயனுக்கு அயோத்திதாசரின் வார இதழ் நல்ல சான்று. 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என விலையையே பெயரில் தாங்கித் தொடங்கிய அது, பின்னர் ‘தமிழன்’ ஆயிற்று. அவருடைய ‘இந்திரர் தேச சரித்திரம்’ அதில்தான் தொடராக வந்தது. பொருள்வாரியாகப் பிரித்த தொகுப்புகளில் அதை வாசிக்கும்போது ஒரு வரலாற்று நூலாகவே தோன்றும். வார இதழிலோ நாட்டு நடப்பு பற்றிய கருத்தும் வாசகர் ஐயத்துக்கு அளித்த விடையும் அதனோடு சேர்ந்தே வாசகரிடம் சென்றன. பண்டைய வரலாறு அன்றைய வாதத்துக்குச் சான்றாக நின்றது அப்போதுதான் புலப்படும். தொகுப்புகள் தேவைதான், அவற்றோடு நின்றுவிடுவதே குறை.

கட்டுரைகளுக்கு இணையாக மதிப்புரை, வாசகர் கடிதம், சந்தா நினைவூட்டல், விளம்பரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் நான்கு வரிக் குறிப்பு, இதழின் பொருள் நிலையைத் தலையங்கத்தைவிடத் தெளிவாகக் காட்டிவிடும். பைண்டிங் செய்யும்போது மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் கழித்துவிடும் பழக்கம் பல நூலகங்களில் இருந்ததால், தேதியும் விலையும் அவற்றோடு போயிருக்கக்கூடும். அத்தகைய தொகுதி கிடைத்தால் வேறொரு நூலகப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். சென்னையில் 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை முதலில் நாடலாம். இலங்கை இதழ்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனத்தின் எண்ணிம ஆவணகம் உதவும்.

குறிப்புத் தாளில் இதழின் பெயர், சிலம்பு அல்லது துணர் எண், தமிழ் மாதமும் ஆண்டும், அவற்றுக்கு நேரான ஆங்கிலத் தேதி, பக்கம், பார்த்த நூலகம் என்ற வரிசையில் எழுதி, மேலட்டை இல்லையென்றால் ‘அட்டை இல்லை’ என்று இறுதியில் சேர்த்துவிட வேண்டும்.